நிற்கும் இடத்திலிருந்து

விருத்தாசலம் தொழிற்பேட்டையிலுள்ள இன்சுலேட்டர் பட்டறையில் கிரேசிக்கு இருபத்திரண்டு ஆண்டு வேலை. வெந்து வந்த பீங்கானை மரக்குச்சியால் தட்டி, ஓசையைக் கொண்டு நல்லதையும் வேகாததையும் பிரிப்பாள். நூறு உருப்படி என்றால் நூறையும் தட்டுவாள். தொண்ணூற்றொன்பதோடு கை நிற்காது. சூளையின் சூட்டை நடத்தும் கணினியும் சென்ற ஆண்டு அவள் பொறுப்புக்கு வந்தது.

அன்று முதன்முறையாகத் தடித்த இன்சுலேட்டர்கள் நானூறு சூளைக்குள் அடுக்கப்பட்டிருந்தன. உச்சச் சூடு அரைமணிக்குப் பதில் இரண்டு மணி நேரம் நிற்காவிட்டால் அவை உள்ளே வேகமாட்டா. அந்த நேரத்தை மாற்றும் கட்டளை ஒருவருக்கும் தெரியவில்லை. மென்பொருளை அமைத்துத் தந்தவரோ போனை எடுக்கவில்லை.

"சனிக்கிழமை லாரி வருது. மூணு மணிக்குள்ள கிடைக்கலன்னா பழையபடியே பத்த வச்சிடுங்க," என்றார் முதலாளி பழமலைநாதன்.

கிரேசி கறுப்புத் திரையில் உதவிப் பக்கங்களைத் திறந்து, கடைசி வரி வரை உருட்டிப் பார்த்தாள். பிறகு தேடலுக்கான சாய்கோட்டு விசையை அழுத்தி, சூட்டை நிறுத்தி வைப்பதைக் குறிக்கும் 'ஹோல்டு' என்ற சொல்லைத் தேடச் சொன்னாள். இல்லை என்றது திரை.

"கம்ப்யூட்டரயும் ஒரு தட்டு தட்டிப் பாரு எக்கா, விரிசல் வுட்டிருக்கப் போவுது," என்றான் சூளைக்காரன் ஜெயராஜ்.

"நீ பர்னர தொடை, போ."

சூளைக்காக எழுதிய உதவியில் அந்தச் சொல் இல்லாமற் போகுமா? அவளால் நம்ப முடியவில்லை. உதவிப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதற்கே ஓர் உதவி இருந்தது. அதைத் திறந்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். தேடல், நிற்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கித்தான் செல்லுமாம். கடைசி வரியில் நின்றுகொண்டல்லவா தேடியிருக்கிறாள்! மேல் தட்டில் அடுக்கியதைக் கீழ்த் தட்டில் துழாவிய கதைதான்.

முதல் வரிக்குப் போய் மறுபடி தேடினாள். சொல் வந்தது, வந்துகொண்டே இருந்தது. கதவைப் பற்றி ஓரிடம், மின்விசிறியைப் பற்றி ஓரிடம். ஒவ்வொன்றையும் முழுக்கப் படித்த பிறகே அடுத்ததற்கு விரல் போயிற்று.

"அதே வார்த்தைதான் திரும்பத் திரும்ப வருது. வுட்டுத் தள்ளு எக்கா."

"தட்டாத உருப்படிய எப்புடிடா கழிக்கிறது?"

முப்பத்தேழாவது இடத்தில் கட்டளை இருந்தது. அப்போது மணி இரண்டு நாற்பது. முப்பது நிமிடம் என்றிருந்தது நூற்றிருபது ஆனது.

பழமலைநாதன் திரையை எட்டிப் பார்த்தார். "சரியா வருமா?"

"நானூறையும் தட்டிட்டுச் சொல்றேங்க."

ஜெயராஜ் பர்னரைப் பற்றவைத்தான். மூன்றாம் நாள், ஆறிய சூளையிலிருந்து வந்த முதல் உருப்படி கணீரென்றது. கிரேசி இரண்டாவதை எடுத்தாள்.