மேட்டுக்கு ஏறிய வீடு

எடெல்மிரா சிகுவாய் கல்யாணமாகி வந்தபோது வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் நடுவே அறுபது தப்படி நிலம் இருந்தது. அதில் உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டார்கள். ஐம்பத்தெட்டாவது வயதில், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, வடக்குக் காற்று மூன்று நாள் அடித்து ஓய்ந்ததும் மறுபடி நடந்து அளந்தாள். பதினோரு தப்படிதான் வந்தது. அதற்கு அப்பால் கரை செங்குத்தாக அறுபட்டிருந்தது. கீழே அலை பழைய வேலிக்கம்புகளை உருட்டிக்கொண்டிருந்தது.

"பதினொண்ணு," என்றாள் உள்ளே வந்து.

"போன வருஷம் பதினஞ்சு இல்ல?" என்றான் கணவன் நொல்பெர்த்தோ. தூரத் தெற்கின் பெரிய பண்ணைகளில் முப்பது வருஷம் ஆட்டுக்கு மயிர் கத்தரித்து இடுப்பு போனவன். குளிர்காலம் முழுக்க அடுப்பை விட்டு நகரமாட்டான். "உன் காலு நீண்டுடுச்சா?"

"காலு நீளல. கடலு நீண்டுடுச்சு."

குளிர்காலத்தில் தொல்லை கடல் என்றால் கோடையில் கிணறு. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, சிலி நாட்டுத் தெற்கில் இருக்கும் அந்தச் சிலோயே தீவில் மழை எப்போது நிற்கும் என்றுதான் கேட்பார்கள். எப்போது வரும் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது, அங்கே கோடையான ஜனவரி பிறந்தால் வாளி கிணற்றின் அடியில் முட்டுகிறது. பிப்ரவரி வெயிலில் தண்ணீர் லாரி வருகிறது. முதல்முதலாகக் கிணறு வற்றிய வருஷம் அவளுடைய அண்ணன் எலெயுதேரியோ, "எல்லாக் காலத்திலயும் இப்படித்தான் இருந்துச்சு, உனக்குத்தான் ஞாபகம் இல்ல," என்றான். அண்ணனிடம் வாதத்தில் தோற்பது அவளுக்குப் பிடிக்காது. அன்றிலிருந்து அடுக்களை நாட்காட்டியில் தினமும் குறித்தாள். மழைக்குக் கோடு, வெயிலுக்கு வட்டம், வடக்குக் காற்றுக்குப் புள்ளி. இப்போது பதினோரு நாட்காட்டிகள் ஒரே ஆணியில் தொங்கின.

ஆறு வருஷத்துக்கு முன்பு இன்னொன்றும் செய்தாள். மேட்டில், அப்பா வழியில் அவளுக்கு வந்த நிலத்தின் ஓரம் ஒரு சதுப்பு உண்டு. அதன் பாசியை வாரிக் காயவைத்தால் வாங்கிப்போக வியாபாரிகள் வருவார்கள். ஊரே வாரியது, அவளும் வாரினாள். ஒருநாள் வாரிய இடம் வெடித்துக் கிடப்பதையும், வாராத மூலையில் கையை வைத்தால் தண்ணீர் ஊறுவதையும் பார்த்தாள். அன்றோடு நிறுத்திச் சுற்றி வேலி போட்டாள். "பாசிக்கு வேலி போடுறவளை இப்பதான் பாக்குறேன்," என்று எலெயுதேரியோ கடை வாசலில் சொல்லிச் சிரித்தான். மூன்றாம் கோடையில், சதுப்புக்குக் கீழே அவள் தோண்டிய கிணற்றில் பிப்ரவரியிலும் தண்ணீர் நின்றது.

அதனால்தான், கரையோர வீடுகளைப் பார்க்க வந்த அரசாங்கப் பெண், "இங்க இருக்கறது ஆபத்தும்மா. டவுன்ல வீடு தர்றோம், இதை விட்டுட்டு வந்துடுங்க," என்றபோது எடெல்மிரா ரொம்ப யோசிக்கவில்லை.

"வீட்டை எதுக்கு விடணும்? வீடு நல்லாத்தான் இருக்கு. இடந்தான் சரியில்ல. வீட்டை மேல கொண்டுபோயிடுறேன்."

வந்தவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நொல்பெர்த்தோவைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதீங்க," என்றான் அவன். "நான் இந்த வீட்டுல அடுப்புல குளிர் காயறவன் மட்டுந்தான்."

அது மர வீடு. கற்களின்மேல் உட்கார்ந்திருந்தது, அஸ்திவாரம் கிடையாது. அடியில் இரண்டு நீள மரங்களைக் கொடுத்து, எருதுகளைப் பூட்டி, ஊர் கூடி இழுத்தால் நகரும். அப்படி எல்லாரும் சேர்ந்து ஒருவர் வேலையை முடித்துக் கொடுப்பதற்கு மிங்கா என்று பெயர். கூலி இல்லை, வயிறு நிறையச் சாப்பாடு உண்டு. ஆனால் அந்தக் கரையில் கடைசியாக வீடு இழுத்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று வந்து நின்றான் எலெயுதேரியோ. இழுப்பவர்களுக்குக் குரல் கொடுத்து நடத்துவதில் அந்தக் காலத்தில் அவன் பெயர் பெற்றவன். "பதினாறு ஜோடி மாடு வேணும். இந்தப் பக்கம் இருக்கறதே அஞ்சு. அப்படியே கெடைச்சாலும் பிப்ரவரியிலதான் இழுக்கணும். தரை காஞ்சிருக்கும். அப்பா காலத்துல அப்படித்தான்."

"அப்பா காலத்து பிப்ரவரி இப்ப இல்லண்ணே. ஓடை காஞ்சு, புல்லு கருகி, மாடு எலும்பும் தோலுமா நிக்குது. அது என் கோழிக்கூண்டைக்கூட இழுக்காது. ஏப்ரல்ல இழுப்போம்."

"ஏப்ரல்ல மழை பிடிச்சுக்கும், தங்கச்சி."

அவள் நாட்காட்டிகளை மேஜைமேல் பரப்பினாள். மார்ச் கடைசியில் முதல் மழை. பதினோரு வருஷத்தில் ஒன்பது வருஷம் அப்படித்தான். புல் துளிர்க்கும், மாடு தேறும். பிறகு ஏப்ரல் பத்தாம் தேதியையொட்டித் தெற்குக் காற்று ஒரு வாரம் வானத்தைத் துடைத்துவைக்கும். வரிசையாக வட்டங்கள். மே பிறந்தால் புயல்.

எலெயுதேரியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "இந்த வருஷம் அப்படி வராட்டி?"

"வராட்டி நீ ஜெயிச்சே."

மிங்காவுக்கு ஆள் விட்டுச் சொல்லக்கூடாது. வீட்டுக்காரியே வாசல் வாசலாகப் போய் வாய்விட்டுக் கேட்க வேண்டும். எடெல்மிரா நாற்பத்தோரு வீடு ஏறினாள். சிலர் சிரித்தார்கள். சிலர் டிராக்டர் தருகிறோம் என்றார்கள். டிராக்டர் வெடுக்கென்று இழுக்கும், பழைய மரச்சட்டம் பிளந்துவிடும் என்று சொல்லி, மாடுதான் வேண்டும் என்று நின்றாள். கடைசியாகப் படகேறி எதிர்க்கரைக்குப் போய் ஒட்டீலியா பாரியாவின் வாசலில் நின்றாள். அந்த வட்டாரத்திலேயே நல்ல எருதுகள், மூன்று ஜோடி, வைத்திருந்த விதவை அவள்.

"பாசிக்கு வேலி போட்டது நீதானா?" என்று கேட்டாள் ஒட்டீலியா.

எடெல்மிராவுக்கு முகம் சுருங்கியது. "நாந்தான், அக்கா."

"என் கெணறு ரெண்டு கோடையா வத்திக் கெடக்கு. மாட்டைப் படகுல ஏத்திக் கொண்டாறேன். அந்தச் சதுப்பை நீ எனக்குக் காட்டணும், என்ன செஞ்சேன்னு ஒண்ணு விடாம சொல்லணும். சரியா?"

ஏப்ரல் பதினொன்றாம் தேதி விடிந்தபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. வளைகுடாவுக்கு அப்பால் எரிமலையின் பனி உச்சி கைக்கெட்டும் தூரம் போலத் தெரிந்தது. தெற்குக் காற்று மெல்ல வீசியது. எடெல்மிரா வாசலில் நின்று மேலே பார்த்தாள். பிறகு, தண்டவாளம்போல் நீட்டிய மரங்களின் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பித் தார்க்கோலைச் சீவிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு ஜோடி வந்திருந்தது. நூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள், மீன் பண்ணையில் விடுப்பு எடுத்து வந்த இளைஞர்கள் உட்பட. கண்ணாடி, கதவு, இரும்பு அடுப்பு எல்லாவற்றையும் முன்னாலேயே இறக்கியிருந்தார்கள். எலெயுதேரியோ குரல் கொடுத்தான். வீடு ஒருமுறை முனகியது. கல்லை விட்டு நகர்ந்தது. நாற்பது வருஷம் சமைத்த இடம் கண்ணெதிரே கிளம்பிப் போவதைப் பார்த்து எடெல்மிரா சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நானூறு தப்படி சுலபமாகப் போயிற்று. ஏற்றத்தில்தான் வந்தது வினை. வெயில் ஏற உறைபனி உருகி, களிமண் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிட்டது. எருதுகள் முழங்கால் மடங்கி விழுந்தன. ஒரு கயிறு அறுந்து சவுக்குப்போல் சுழன்றது, நல்லவேளை யார்மேலும் படவில்லை. வீடு ஒரு முழம் பின்னால் சறுக்கி, இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

எலெயுதேரியோ தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "நாலு ஜோடி குறையுது. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு மாடு அதது வீட்டுல நிக்கும்," என்றாள் எடெல்மிரா. "மாட்டுக்குப் பலம் இருக்குண்ணே, கால் ஊனத்தான் இடம் இல்ல. ஊன்ற இடத்தை நான் தர்றேன்."

அவள் கீழே ஓடினாள். வீடு இருந்த இடத்துக்குப் பின்னால், தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பி ஓடுகள் ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. முதல் கூடையை அவளே நிரப்பினாள். இரண்டாவதை ஒட்டீலியா நிரப்பினாள். பிறகு பெண்கள் எல்லாரும் குவியலிலிருந்து ஏற்றம்வரை வரிசையாக நின்று, ஆளுக்குச் சில தப்படி நடந்து கூடையைக் கை மாற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் ஏற்றம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. எருது அடி எடுத்துவைத்தபோது ஓடுகள் நறநறவென்று நொறுங்கி மண்ணைக் கவ்வின.

மறுபடி கயிறு கட்டினார்கள். இந்த முறை மாடுகளோடு மனிதர்களும் கயிற்றைப் பிடித்தார்கள். எடெல்மிரா திரும்பிப் பார்த்தால் நொல்பெர்த்தோவும் பிடித்திருந்தான்.

"ஏய், உன் இடுப்பு."

"போனது இனிமே எங்க போகப்போகுது? இழு."

எலெயுதேரியோ அடிவயிற்றிலிருந்து கூவினான். அந்தக் குரலை இருபது வருஷமாக யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டு ஜோடியும் ஒரே சமயத்தில் கழுத்தைத் தாழ்த்தின. வீடு நிமிர்ந்தது, அசைந்தது, ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. மேட்டின் விளிம்பைத் தாண்டிச் சமதரையில் அது ஆடி நின்றபோது எழுந்த சத்தம் எதிர்க்கரைவரை கேட்டதாம்.

அன்று மாலை குழியில் சுட்ட கல்மேல் வெந்த சிப்பியும் பன்றியிறைச்சியும் உருளைக்கிழங்கும் தட்டுத் தட்டாகப் போயின. ஆப்பிள் சாராயம் சுற்றி வந்தது. ஜன்னல் இல்லாத கூடத்தில் அக்கார்டியன் வாசித்து ஆடினார்கள். எலெயுதேரியோ தங்கையை ஆட அழைத்தான். ஒரு சுற்று ஆடி முடித்து, எல்லார் காதிலும் விழும்படி, "நாட்காட்டி ஜெயிச்சுது," என்றான்.

"நாட்காட்டி எங்க ஜெயிச்சுது? நாந்தான் ஜெயிச்சேன்," என்றாள் அவள். நொல்பெர்த்தோ நிமிர முடியாமல் நாற்காலியில் மடங்கி உட்கார்ந்தபடியே கைதட்டினான்.

மே மூன்றாம் வாரம் புயல் வந்தது. அது ஓய்ந்தபின் ஊரார் போய்ப் பார்த்தார்கள். பதினோரு தப்படியும் இல்லை, வீடு இருந்த இடமும் இல்லை. அடுக்களை நின்ற இடத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. எடெல்மிராவும் போனாள், ஒரு நிமிஷம் நின்றாள், ரொட்டி கருகிவிடும் என்று திரும்பிவிட்டாள்.

அடுத்த கோடைக்குள் ஒட்டீலியாவும் இன்னும் ஆறு வீட்டாரும் தங்கள் சதுப்புகளுக்கு வேலி போட்டார்கள். வேலியை எங்கே போடவேண்டும் என்று எடெல்மிரா தடி ஊன்றிக் காட்டினாள். மார்ச் மாதம் ஒருநாள், தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு குடும்பம் அவளைத் தேடி வந்தது. அவர்கள் வீட்டுக்கும் கடல் நெருங்கிவிட்டதாம், எப்போது இழுக்கலாம் என்று கேட்டார்கள்.

"உங்க பக்கத்து மழை எனக்குத் தெரியாது," என்றாள் எடெல்மிரா. "மொதல்ல மாட்டுக்குப் புல்லு எப்ப மொளைக்குதுன்னு சொல்லுங்க. வாங்க, உள்ள வாங்க. சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."