கும்பிடுபூச்சியின் கைகள்

சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு கும்பிடுபூச்சி முக்கோணத் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. "கும்புடு, கும்புடு" என்று என் மகள் விரலை ஆட்டினாள். எலவனாசூர்கோட்டையில் சிறுமியாக இருந்தபோது நானும் அப்படித்தான் அதைக் கும்பிடச் சொல்லிக் கேட்பேன்.

அந்த நாளில் நடந்த இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் எங்கள் வீட்டெதிரே புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அதன் கிளையில் ஒரு கும்பிடுபூச்சி இருந்தது. நான் கேட்பதற்குள் அதன் கைகள் பாய்ந்தன. முள்ளுக்கைகளுக்குள் உதறிய வெட்டுக்கிளியை உயிரோடு தலையிலிருந்து தின்னத் தொடங்கியது.

அப்போது போலீஸ் வேன் வந்தது. மரம் வெட்டியவர்கள் ஓடிவிட்டார்கள். வீட்டிலிருந்த அப்பாவும் பின்பக்கம் ஓடப் பார்த்தார். அம்மா தடுத்தாள்.

"ஓடாதய்யா. நீ இன்னா தப்பு பண்ண? போயி கையெடுத்துக் கும்புடு. கும்புட்டவன அடிக்க மாட்டாங்க."

அப்பா வாசலில் நின்று கும்பிட்டார். "ஐயா, நான் வெட்டலீங்க."

குவித்த கைகள் மேலேயே லத்தி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தும் கும்பிட்டார். அடி நிற்கவில்லை.

அப்பாவின் முறிந்த எலும்புகள், மணிக்கட்டுகள் மடங்கியபடியே கூடிவிட்டன. அவர் தங்களைக் கும்பிடுவதாக நினைத்து, தெரியாதவர்கள் பதிலுக்குக் கும்பிடுவார்கள்.

"கும்புடுது பாரும்மா" என்றாள் மகள்.

"கும்புடலடி, அடிக்கப் போவுது" என்றேன்.

அந்த முள்ளுக்கைகள் அப்பாவுக்கு இருந்திருக்கலாம்.