அட்டைக்கு முடிந்த உப்பு

எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வரும் டாக்டர், என் வீட்டுக்காரரின் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். எனக்கு டாக்டர் மேலேயே கோபம் வந்தது. முந்தின வருஷம்தான் இவருடைய அண்ணன் மலையில் சுருண்டு விழுந்து, வாய் கோணி, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் இதே பிரஷர்தான்.

"உப்பைப் பாதிக்கு மேல கொறைங்க. கருவாடு, ஊறுகாய், கட்டச்சம்பல் எல்லாத்தையும் மறந்துருங்க. கீரை, காய்கறி நெறையச் சாப்பிடுங்க. அடுத்த மாசமும் எறங்கலன்னா மலையில கத்தி பிடிக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

இவர் தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் கழித்துவிடும் கவ்வாத்து வேலை பார்ப்பவர். கத்தி இல்லாத இவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இவர் இல்லாத வீட்டை எப்படி நினைப்பேன்?

அன்றைக்கே வீட்டிலிருந்த கருவாட்டையெல்லாம் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். உப்புச் சாடியை ஒளித்தேன். காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்துக்குப் பின்னால் நாங்கள் பயிர் போட்டிருந்த துண்டு நிலத்தில் போஞ்சி, பூசணி, வல்லாரை எல்லாம் இருந்தன. பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு, தேசிக்காய் பிழிந்து, இவருக்கென்று ஒரு சின்னச் சட்டியில் உப்பில்லாமல் சமைத்தேன். எனக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய சட்டி, வழக்கமான உப்போடு.

முதல் கவளத்தை வாயில் வைத்தவர் கூரையைப் பார்த்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வாய்க்கரிசிகூட இதவிட ருசியா இருக்கும்போல."

"வாயக் கழுவுங்க மொதல்ல!" என்று கத்தினேன்.

இப்படிச் சண்டையும் சோறுமாக ஒரு வாரம் போனது. பிறகு மழை பிடித்தது. மழை என்றால் அட்டை. எங்கள் மலையில் உப்பு முடிச்சு இல்லாமல் யாரும் வேலைக்கு இறங்க மாட்டார்கள். காலில் ஏறிய அட்டையின் மேல் அதை ஒற்றினால் சுருண்டு விழுந்துவிடும். ஒளித்துவைத்த சாடியிலிருந்து தினமும் ஒரு பிடி எடுத்து, துணியில் முடிந்து, சோற்றுப் பொட்டலத்தோடு நானே இவர் கையில் கொடுத்தேன். புத்தி கெட்டவள்!

சாயந்தரம் இவர் வந்தால் இரண்டு கெண்டைக்காலிலும் ரத்தம் வழியும். "உப்பு?" என்றால், "தீந்துருச்சு புள்ள, இந்த வருஷம் அட்டை ஜாஸ்தி" என்பார். நானும் நம்பி மறுநாள் கூடுதலாக முடிந்தேன். ஒருநாள் அந்தத் துணியைத் துவைக்க எடுத்தபோது பார்த்தேன். பருப்புக் கறியின் மஞ்சள் ஒட்டியிருந்தது. ஓரத்தில் இரண்டு சோற்றுப் பருக்கை.

நான் போட்ட சத்தத்தில் லயமே வாசலுக்கு வந்தது.

"அட்டை குடிச்சாக் குடிச்சிட்டுப் போகட்டும் புள்ள" என்று சிரித்தார் மனுஷன். "ரத்தம் கொறைஞ்சா பிரஷரும் கொறையுந்தானே?"

"பாவி மனுஷா! ஒங்க அண்ணனத் தூக்கிட்டு வந்த கம்பளி இன்னும் அந்தக் கொடியிலதான் கெடக்கு. நல்லாப் பாருங்க!"

இவர் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. மெதுவாகச் சொன்னார்: "உப்பில்லாம திங்கிறதுகூடப் பெருசில்ல. நீங்கல்லாம் ஒரு சட்டி, நான் மட்டும் தனிச் சட்டி. சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரி இருக்கு புள்ள."

உப்பைப் பற்றியே யோசித்தேனே தவிர, சட்டியைப் பற்றி யோசிக்கவேயில்லை.

மறுநாள் சின்னச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். எல்லோருக்கும் ஒரே சட்டி, ஒரே உப்பில்லாத கறி. அட்டைக்கு உப்புக்குப் பதிலாகத் துணி துவைக்கும் சவர்க்காரத்தைக் குழைத்து இவர் காலில் நானே தடவிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்ததும் நான் முதல் கவளத்தை விழுங்க முடியாமல் விழித்ததைப் பார்த்து இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் தட்டில் தேசிக்காயைப் பிழிந்துவிட்டு, "முழுங்கிரு புள்ள, பழகிரும்" என்றார்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது நான் வெளியே நின்று எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். கதவைத் திறந்து வந்த இவர், "கொறைஞ்சிருக்காம். கத்தியத் தீட்டணும்" என்றார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தக் கத்தியைப் பிடித்தார். வயதாகித்தான் போனார்.

போன வாரம் மருமகள் என் கறியை ருசி பார்த்துவிட்டு, "மாமாதான் இல்லையே அத்தை, இன்னும் எதுக்கு உப்புக் கம்மியா? வேணும்னா ஒங்களுக்கு மட்டும் தனியா ஒரு சின்னச் சட்டியில வைக்கட்டுமா?" என்று அன்பாகத்தான் கேட்டாள்.

"இந்த வீட்டுல ரெண்டு சட்டி கூடாது!" என்று கத்திவிட்டு, தட்டைத் தள்ளிவைத்து அழுதேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.