கையெழுத்துக்கும் முறை வைத்தவர்கள்

போன வாரம் பொன்னேரி கோர்ட்டில் அரை நாள் நின்றேன். பதற வேண்டாம்... குற்றவாளியாக அல்ல. குற்றம் சாட்டப்பட்டவனாகக்கூட அல்ல. இரண்டும் வேறு வேறு. நிரூபிக்கும் வரை எவரும் இரண்டாவது வகைதான் என்கிறது சட்டம். டீக்கடையில் இந்த வித்தியாசம் செல்லாது. நான் வெறும் ஜாமீன்தாரர்.

ஏரிக்கரை மீனவக் கிராமமான பசியாவரத்து ஏழுமலை, ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு நண்டு கொண்டுவருபவர். யாருடைய வலையையோ அறுத்துவிட்டதாக அவர்மேல் வழக்கு.

"அன்னிக்கு நான் ஏரிக்கே போவல சார்."

நண்டு விஷயத்தில் பொய் சொல்லாத மனிதர். நம்பினேன். வீட்டு வரி ரசீதோடு போய்க் கையெழுத்துப் போட்டேன். ஆள் ஓடிப்போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்பதைப் போட்ட பிறகே படித்தேன். எம்.ஏ. முடித்தவன்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. தவறினால் ஜாமீன் ரத்து, ஏழுமலை உள்ளே.

ஏரியில் இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல இடத்தில் வலை போட எல்லோரும் முண்டியடிக்கக் கூடாது என்று முறை வைத்திருக்கிறார்கள். இன்று உன் முறை, நாளை என் முறை. உனக்கு முடியவில்லையா? தம்பி போகலாம், மச்சான் போகலாம். ஊர் ஒப்புக்கொள்ளும்.

ஸ்டேஷனுக்கும் அப்படியே முறை வைத்துவிட்டார்கள்.

திங்கள் ஏழுமலை. செவ்வாய் தம்பி. புதன் மச்சான். வியாழன் மனைவி... யாரும் ஏழுமலையின் பெயரைப் போடவில்லை — அது ஃபோர்ஜரி ஆயிற்றே? அவரவர் பெயரை நேர்மையாக எழுதி, கீழே கோடும் இழுத்திருக்கிறார்கள். நோட்டை நீட்டிய கான்ஸ்டபிள் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். லீவு முடிந்து வந்த ஸ்டேஷன் ரைட்டர்தான் அதைப் படித்தார். ஜாமீனை ரத்து செய்யப் போலீஸ் மனு. அந்த விசாரணைக்குத்தான் நானும் போய் நின்றேன்.

"ஏம்பா, நீ ஏன் போகலை?" என்றார் நீதிபதி.

"போனேன் அய்யா. என் முறைக்கு கரெக்டா போனேன்."

"மத்த நாள்?"

"எங்க ஆளுங்க போனாங்க. ஒரு நாள் உடலியே அய்யா."

"மழையன்னிக்கு நான் போனேன்யா" என்று பின்னாலிருந்து தம்பி சாட்சி சொன்னார்.

ஏழுமலைக்கு இலவசச் சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் ஓர் இளம்பெண். வசதியில்லாதவருக்கு வக்கீல் கிடைப்பது உரிமை, தர்மம் அல்ல. அவர் எழுந்து, "நிபந்தனையை இவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஓடிப்போக நினைப்பவர் தினமும் பத்து மணிக்கு ஆள் அனுப்புவாரா?" என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நாளைக்குத் தண்டனைன்னு ஆனா, அதுக்கும் முறை வெப்பீங்களா?"

ஏழுமலை பின்னால் திரும்பினார். குடும்பம் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தது. வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"பத்து பேரு கீறோம்யா. ஆளுக்கு மாசம் மூணு நாளு. தாங்கும்" என்றார் தம்பி.

கோர்ட்டில் சிரிக்கக் கூடாது. ஆகவே எல்லோருக்கும் இருமல் வந்தது.

எனக்கு மட்டும் வரவில்லை. சட்டம் ஒரு ஆளைத் தனியாகப் பிரித்துக் கூண்டில் நிறுத்துகிறது. இவர்களுக்கோ பிரித்துப் பார்க்கவே தெரியவில்லை. என் சொந்தக்காரர்களையும் நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கே முறை வைத்து வராமல் இருப்பவர்கள்.

ஜாமீன் தப்பியது. ஏரிக்குப் போய்வரத் தோதாக, பத்து மணிக்குப் பதில் மாலை ஐந்து. "நீயே போகணும், உன் காலால, உன் கையால" என்று நீதிபதி இரண்டு முறை சொல்லி, ஏழுமலையையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

வெளியே வந்ததும் தம்பியிடம் கேட்டேன்: "பத்து பேர்னீங்க. நான் எண்ணினப்போ ஒன்பதுதானே இருந்தீங்க?"

"இன்னா சார், நீங்களும் கையெழுத்து போட்டுகீறீங்க இல்ல? மாசக் கடைசி மூணு நாளு உங்களுது. இருவத்தெட்டு, இருவத்தொம்பது, முப்பது."

பிப்ரவரியை நினைத்துத்தான் கொஞ்சம் ஆறுதல்.