பரமு அக்காவுக்கு டாக்டர் பார்த்த கதை

ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது என்பது, ஊசி ஒன்றை மட்டும் அடுத்தவருக்குப் போட்டுவிட்டு மற்ற எல்லாப் பாட்டையும் நம்மைப் படவைக்கிற வேலை. சொந்தக்காரர்களுக்காக இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்ட உங்களுக்கெல்லாம் இது நன்றாகவே தெரியும். எனக்கு அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்த மாதிரி ஒரு விடுதி. வெளிநாட்டிலிருந்து ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். ராஜி மேடம் நடத்துகிறார். வருகிறவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, ஃபைல் தூக்குவது, டாக்டர் சொன்னதை மறக்காமல் திருப்பிச் சொல்வது, இதெல்லாம் என் வேலை. என் மூன்று வயது வாண்டை மாமியாரிடம் விட்டுவிட்டு, புதுப்பட்டினத்தில் தினமும் காலையில் பஸ் ஏறுவேன். பலரைக் கூட்டிப் போயிருக்கிறேன். ஆனால் பரமு அக்காவோடு அலைந்த அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் படபடவென்று சந்தோஷமாக வருகிறது.

சீட் பெல்ட்

பரமேஸ்வரி அக்கா மலேசியாவில் கிள்ளான்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், நாற்பத்தாறு வயது. வந்த அன்று விடுதிப் படிகள் நான்கையும் ஏற இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். முட்டி போய்விட்டது, சர்க்கரை ஏறிவிட்டது. போன வருடம் வேனில் சீட் பெல்ட் வயிற்றைச் சுற்றி எட்டவில்லையாம். பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்துப் பூட்டிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு முடிவு செய்தாராம், வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்வது என்று.

பள்ளி விடுமுறை முடிவதற்குள் எல்லாம் முடிந்து ஊர் திரும்ப வேண்டும். ஆனால் மனசுக்குள் ஒரு பயம். அவருடைய சிநேகிதி ஒருத்தி வேறொரு நாட்டுக்குப் போய் இதே ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்பினாள். நாலாம் நாள் தையலில் கசிவு. அறுத்த டாக்டருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துதான் பிழைத்தாள்.

நான் நீட்டிய டாக்டர்கள் பட்டியலை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "தங்கச்சி, கத்தி பிடிக்கிறவங்க நெறைய பேரு இருக்காங்க லா. நான் ஊருக்குப் போன பிறகு என் போனை எடுக்கிறவங்க யாரு, அத மட்டும் எனக்குக் கண்டுபிடிச்சுக் குடு."

ஒரு டம்ளர் மோர்

முதலில் போனது சென்னைப் பக்கம், முழுக்கக் கண்ணாடியால் ஆன பெரிய ஆஸ்பத்திரி. ராஜி மேடம் சொன்ன இடம். டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்தார், சிரித்தார், "நாளை மறுநாளே முடிச்சிடலாம்" என்றார். மறுநாள் காலை, மயக்கம் கொடுத்து வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் டெஸ்ட். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்.

இங்கேதான் நான் சொதப்பினேன். எங்கள் பக்கத்தில் வெறும் வயிறு என்றால் இட்லி, சோறு கிடையாது, அவ்வளவுதான். வெயிலில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்காமல் அனுப்பினால் அது என்ன வீடு? கார் ஏறும்போது அக்காவுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டேன். பச்சை அங்கியெல்லாம் மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பேஷண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கோட்டு போட்ட பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மோரா? அது தண்ணி மாதிரிதானே, விடுங்க. டாக்டர்கிட்ட சொன்னீங்கன்னா இன்னைய டைம் போயிடும்" என்றாள். எனக்கு நிம்மதி! அக்காவுக்கு இல்லை. மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அங்கியோடு அப்படியே லிஃப்ட் வரைக்கும் நடந்துவிட்டார். நான் பின்னாலேயே அவருடைய புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மோரையே மறைக்கச் சொல்றாங்க. நாளைக்கு என் வயித்துக்குள்ள எதை வுட்டுட்டு மறைப்பாங்களோ! செருப்பை எடு தங்கச்சி."

டீக்கடையில் விசாரணை

ராஜி மேடத்துக்குக் கோபம். போனில் அந்த ஆஸ்பத்திரியின் விளம்பரங்களை வீடியோ வீடியோவாகப் போட்டுக் காட்டினார். எல்லாவற்றிலும் மெலிந்த ஒருவர் பழைய பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "இதுக்கு மேல இன்னா பார்க்கணும் உனக்கு?" என்று என்னைத்தான் கேட்டார்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டிலா கேட்போம்? தெருமுனைக் கடையில் கேட்போம். டாக்டருக்கும் அதுதான் வழி என்று எனக்குத் தோன்றியது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மூன்று மாடி ஆஸ்பத்திரி, அங்கே இந்த ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். உள்ளே போகாமல் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். அக்காவுக்குச் சர்க்கரை இல்லாத டீ. வார்டு பெருக்கும் அம்மா ஒருவர் டீ வாங்க வந்தார். டாக்டரம்மாவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "ஞாயித்துக்கெயமைகூட வந்து ஒவ்வொரு கட்டிலா பார்த்துட்டுத்தான் போகும். பொட்டு நேரம் நிக்காது, நம்மளயும் நிக்க வுடாது" என்று அலுத்துக்கொண்டார்.

டீ மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஆற்றிக்கொண்டிருந்தார். "அண்ணாத்த, நீங்க இன்னா சொல்றீங்க?" என்றேன். கிளாஸை டக்கென்று வைத்தார்.

"அந்தம்மா கை எப்டின்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஆபரேசன் பண்ணிகினவங்க வூட்டாளுங்க இங்க குந்திகினு அழுது நான் பார்த்ததில்ல, 'ஒரு வாய் பிரியாணி துன்ன வுட மாட்டேங்குது'ன்னு திட்டித்தான் பார்த்துகீறேன்."

டாக்டரம்மா

அக்கா கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருந்தார். எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், உங்கள் கையில் யாருக்காவது தப்பாகப் போயிருக்கிறதா, போனபோது என்ன செய்தீர்கள்? இரண்டாவது கேள்வியில் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். டாக்டரம்மா முகம் மாறவில்லை. "போயிருக்கு" என்றார். ஒருவருக்குக் கசிவு வந்து அன்று இரவே மறுபடி திறக்க வேண்டியிருந்தது என்று, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக் கதையும் சொன்னார். அக்கா எழுதவே மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டரம்மா கேட்க ஆரம்பித்தார். சர்க்கரை எவ்வளவு, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா, ஊரில் யார் சமைக்கிறார்கள். நான் மோர் கதையையும் சொல்லித் தொலைத்தேன். மயக்கத்தில் அது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போனால் என்னாகும் என்று அவர் விளக்கியபோது நான் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டேன். கடைசியில், ஈரலில் கொழுப்பு அதிகம், சர்க்கரையும் குறைய வேண்டும், இரண்டு வாரம் வெறும் நீராகாரம், அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் என்றார். அக்கா விரல் விட்டு விடுமுறையை எண்ணினார். "சீக்கிரமா முடியாதா டாக்டர்?"

"நாளைக்கே பண்றவங்க இருக்காங்கம்மா, தாராளமாப் போங்க. என்கிட்ட பண்ணிக்கணும்னா ரெண்டு வாரம் பசியோட என்னைத் திட்டிக்கிட்டு இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை வாந்தி

எல்லாம் சரி, போன்? இரண்டு ஆஸ்பத்திரியும் எந்நேரமும் கூப்பிடலாம் என்று நம்பர் கொடுத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை விடுதி மாடியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டு, பரீட்சை வைத்தேன். கண்ணாடி ஆஸ்பத்திரியில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று பாட்டோடு சொன்னது. அமுக்கி அமுக்கி ஒரு ஆள் கிடைத்தார், திங்கட்கிழமை கூப்பிடச் சொன்னார்.

அடுத்து செங்கல்பட்டு. இரண்டாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் சர்ச்சில் பாட்டு கேட்டது. "ஸ்டெல்லா சிஸ்டர் பேசறேன்." நான் அழுகிற குரலில், அக்காவுக்கு ஆபரேஷன் ஆகிப் பத்து நாள், ஒரே வாந்தி என்றேன். அவ்வளவுதான்! காய்ச்சல் இருக்கா, நெஞ்சு படபடக்குதா, தோள்பட்டை வலிக்குதா, யூரின் போச்சா? கேள்வி மேல் கேள்வி. பாட்டுச் சத்தம் தேய்ந்தது, வெளியே ஓடி வந்துவிட்டார் போல. "எங்க இருக்கீங்க? மாமல்லபுரம் பக்கமா? லைனை வைக்காதம்மா, ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன், டாக்டரையும் சேர்க்கறேன்." பரமு அக்கா என் முதுகில் குத்தி, "சொல்லிடு, சொல்லிடு!" என்றார். போனை எடுக்கிறார்களா என்று சும்மா சோதித்துப் பார்த்தோம் என்று சொல்லிவிட்டேன். சிஸ்டர் பொரிந்து தள்ளினார்.

"பாதி பூசையில எழுந்து ஓடியாந்துகீறேன். இன்னொரு தபா பொய்யா வாந்தி எடுத்தே, வூடு தேடி வந்து நெசமாவே ஊசி போடுவேன்!"

புளியைக் காட்டிய ரசம்

முடிவாகிவிட்டது. அடுத்த இரண்டு வாரம் என் சமையல் திறமை அத்தனையும் தண்ணீரில் கரைந்தது. பருப்புத் தண்ணீர், மோர்த் தண்ணீர், டாக்டரம்மா எழுதிக்கொடுத்த பொடி கரைத்த பால். பக்கத்து வீட்டில் வஞ்சிரம் பொரிக்கும் நேரம் பார்த்து அக்காவைக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப் போனால், அங்கே வரிசையாக மீன் வறுவல் கடைகள்! அக்கா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, திருடனைப் போலத் தாண்டிப் போனார். ஆனால் நாலு படி ஏற நின்றவர், பத்தாம் நாள் நிற்காமல் ஏறினார்.

அன்று இரவு நான் வடிகட்டிக் கொடுத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்: "தங்கச்சி, புளியைப் போட்டியா, இல்ல தூரத்துல இருந்து காட்டிட்டு எடுத்துட்டியா?"

இரும்பு பெஞ்ச்

ஆபரேஷன் நாள். உள்ளே போகும்முன் டாக்டரம்மா கிள்ளானில் ஒரு டாக்டரைப் பிடித்துப் போனில் பேசி, ஊர் போனதும் இவரைப் பார்க்க வேண்டியவர் அவர்தான் என்று கடிதமும் எழுதி வைத்தார். கதவு மூடியது. நான் பெஞ்சில். நகம் பத்தும் காலி. ஏதாவது ஆகிவிட்டால், டீக்கடையை நம்பி ஒரு உயிரைக் கொண்டுவந்து விட்டவள் நான்தானே! மத்தியானம் டாக்டரம்மா தொப்பியோடு வெளியே வந்து, "நல்லா முடிஞ்சுது" என்றார். அந்தப் பெஞ்சிலேயே அழுதேன். சாயங்காலமே அக்காவை எழுப்பி நடக்க வைத்துவிட்டார்கள்.

விடுமுறை முடிவதற்கு மூன்று நாள் முன்னால் விமானம் ஏறினார். பிறகு இரண்டு வாரம் எனக்குப் போனே இல்லை. கவலையாகி ஸ்டெல்லா சிஸ்டரைக் கேட்டேன், அங்கிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று.

"தகவலா? உங்க அக்கா தெனம் கூப்புடுறாங்க. முந்தாநேத்து இன்னா பண்ணுதுன்னு பதறிகினு கேட்டா, 'ஒண்ணும் இல்ல லா, எடுக்கறீங்களான்னு பார்த்தேன்'னு சிரிக்கறாங்க!"

இத்தனைக்கும் நடுவே, அந்த ஐந்து வார அலைச்சலில் நானும் மூன்று கிலோ இளைத்தேன், அதுவும் ஒரு தையல்கூட இல்லாமல்.