நடுக் கோபுரத்தின் கீழே பச்சைக் குடில்

படம் எடுப்பதற்கு முன் மரியெல் மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு அப்படியே நிறுத்திக்கொள்வாள். மூச்சு லென்சில் பட்டால் அந்த நொடியே உறைந்து வெளுத்துவிடும். இருபது குளிர்காலத்துக்கும் மேலாக அவள் இப்படிச் செய்வதை, கனடாவில் உறைந்த சாகெனே வளைகுடாவின் மேல் பனியைத் துளைத்து மீன்பிடிக்கக் குடில் போடும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். "ஒரு நாள் அங்கேயே மூச்சடைச்சு நிக்கப் போறா" என்று கேலியும் செய்திருக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒரே ஒரு படம். பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, படகுத்துறையின் நுனியில், படகு கட்டும் இரும்புத் தூணில் முதுகைச் சாய்த்து நின்று எடுப்பாள். உறைந்த நீரின் மேல் வரிசையாகக் குடில்கள், அவற்றுக்குப் பின்னால் எதிர்க்கரை மலை, மலைமேல் மூன்று மின்கோபுரங்கள். கிட்டே போய் எடுக்க அவளுக்குக் கூச்சம். கிட்டே போனால் யாராவது உள்ளே கூப்பிடுவார்கள், கோப்பையை நீட்டுவார்கள், பதில் பேச வேண்டிவரும். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு கன்னியர் மடத்துச் சமையலறைக்கு உருளைக்கிழங்கு உரிக்கப் போனவள் அவள். பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க அங்கேயே பழகிவிட்டாள். மீன்பிடிப் போட்டிக் குலுக்கலில் கணவன் கோன்ராடுக்கு விழுந்தது அந்த கேமரா. படங்களைக் கழுவி வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை.

மூன்று ஆண்டுக்கு முன் அக்டோபரில் கோன்ராட் நெஞ்சுவலியில் இறந்தான். தேவாலயத்தில் இறுதிப் பூசையின்போது அவன் தம்பி ரெஜான் கை நீட்டிக்கொண்டு வந்தபோது மரியெல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது. வளைகுடாவில் நடுக் கோபுரத்துக்கு நேர் கீழே நீருக்கடியில் பாறை சட்டென்று இறங்குகிறது. சிவப்பு மீன் கூடும் இடம் அது. "அப்பா எனக்குக் கொடுத்த இடம், அண்ணன் தின்னுட்டான்" என்று ரெஜான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஊரே சிரித்தது. "பனிக்கட்டிக்குக் கால் மொளைச்சு நடந்துபோச்சாடா?" என்று கேட்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் கோன்ராட்தான். மரியெலும் சிரித்திருக்கிறாள்.

ஜனவரியில் பனி முழங்கை அளவு தடித்ததும் அவரவர் இடத்தில் ஒரு ஊசியிலைக் கன்றை நட்டு அடையாளம் வைப்பது வழக்கம். அந்தக் குளிர்காலம் மரியெல் தன் கன்றைச் சறுக்குவண்டியில் இழுத்துப் போனபோது, நடுக் கோபுரத்தின் கீழே மஞ்சள் துணி கட்டிய கன்று ஒன்று ஏற்கெனவே நின்றது. பக்கத்தில் ரெஜான்.

"என்ன இது?"

"மரம். கண்ணு தெரியலையா அண்ணி? தூரத்துல நின்னு பார்த்தாத்தான் தெரியுமோ?"

"இது கோன்ராடோட இடம்."

"அண்ணன் செத்தான், திருட்டும் அவனோடயே செத்துச்சு."

அவள் கன்றைப் பிடுங்கி வீசினாள். அவன் எடுத்துவந்து மறுபடி நட்டான். அவள் மறுபடி பிடுங்கினாள். மீன்குடில் கமிட்டித் தலைவி யோலாந்த் பனி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"வெக்கமா இல்ல ரெண்டு பேருக்கும்? கடைசி மூணு வருஷம் யாரு எங்க நின்னாங்களோ அவங்க இடம் அது. சனிக்கிழமை ஊர்க் கூடத்துக்கு வாங்க. சாட்சி இருந்தா கொண்டாங்க."

வசந்தத்தில் கரைந்துபோகும் இடத்துக்கு யார் சாட்சி? அக்கம்பக்கத்துக் குடில்காரர்கள் குடும்பச் சண்டையில் தலையிட மறுத்தார்கள். மரியெலுக்கு டப்பா நினைவு வந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி மூன்று படங்களைத் தேடுவதற்காக எல்லாவற்றையும் சமையல் மேசையில் ஆண்டு வாரியாகப் பரப்பினாள். முதல் படத்தில் அவர்களுடைய பச்சைக் குடில் கிழக்குக் கோபுரத்தின் கீழே நின்றது. நடுவில் நின்றது ரெஜானின் மஞ்சள் குடில். அடுத்த ஆண்டு பச்சை கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதற்கடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம். ஆலை வேலை முடிந்து எப்போதும் ஒரு வாரம் பிந்தி வரும் ரெஜான், மிச்சமிருந்த இடத்தில் குடிலை வைத்திருக்கிறான். பதினான்காம் படத்தில் பச்சை நடுவுக்கு வந்துவிட்டது. மஞ்சள், மீன் வராத சேற்றுப் பக்கம் போய்விட்டது. மரியெல் ஒவ்வொரு படத்திலும் நடுக் கோபுரத்தின் மேல் விரலை வைத்து மறுபடி சரிபார்த்தாள். பிறகு படங்களை டப்பாவில் அடுக்கி, வேண்டிய மூன்றை மட்டும் மேலே வைத்து மூடினாள்.

கூடத்தில் முப்பது பேர். பூட்சுகளிலிருந்து வடிந்த தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அவள் மூன்று படங்களை யோலாந்தின் மேசைமேல் வைத்தாள்.

யோலாந்த் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "பச்சைக் குடில், நடுக் கோபுரம். மூணு வருஷமும். முடிஞ்சுது."

ரெஜான் ஒரு படத்தை எடுத்து ஆட்டினான். "இது ஒரு படமா? நாலடி தள்ளி நின்னா எந்தக் குடிலையும் எந்தக் கோபுரத்துக்குக் கீழயும் கொண்டு வந்துடலாம். புருஷனுக்கு ஏத்த மாதிரி நகர்ந்து நகர்ந்து எடுத்திருக்கா. பொய்ப் படம்!"

சிலர் சிரித்தார்கள். மரியெலின் காது சிவந்தது. திருடன் என்று கணவனைச் சொன்னபோதுகூட வராத அளவு கோபம், தன் படத்தைப் பொய் என்றதும் வந்தது. டப்பாவை மேசைமேல் கவிழ்த்தாள்.

"பாரு. ஒவ்வொரு படத்துலயும் இந்த மூலையில துறைக் கைப்பிடியோட வளைஞ்ச கம்பி. இருபத்துமூணு வருஷமும் அதே கம்பி, அதே மூலை. ஒரு அடி நகர்ந்திருக்கேனா? சொல்லு, நகர்ந்திருக்கேனா?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கம்பி நகரவில்லை. கோபுரங்கள் நகரவில்லை. பச்சைக் குடில்தான் நகர்ந்திருந்தது.

"அடப்பாவி கோன்ராட்" என்றாள் யோலாந்த் மெதுவாக.

அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான். "இரு இரு, அந்தச் செவப்புக் குடில் என் பக்கத்துக்கு எப்ப வந்துச்சு? ஏய், நீ எங்கடா இருந்த முன்னாடி?" இன்னொருவன் படத்தைப் பிடுங்கினான். கூடம் இரைந்தது.

ரெஜான் மட்டும் கத்தவில்லை. "இதை வீட்டுல வச்சுக்கிட்டா என்னைப் பைத்தியம்னீங்க?"

"நேத்துதான் பார்த்தேன்."

"நேத்துப் பார்த்துட்டு இன்னிக்கு மூணு படத்தோட வந்தீங்க."

மரியெல் படங்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். "சட்டப்படி இடம் உன்னுதுதான் மரியெல்" என்றாள் யோலாந்த். "அங்க அவன் மரமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மரியெல் வெளியே நடந்தாள். ரெஜான் நன்றி சொல்லவில்லை. அவளுக்காகக் கதவைக்கூடத் திறந்து பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. வரிசையில் ஏழெட்டுக் குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. எல்லோரும் பழியை அவள் மேல் போடுகிறார்கள். துறையிலிருந்து வரிசையைப் படம் எடுக்கக் கூடாது என்று கமிட்டி எழுதி ஒட்டியிருக்கிறது. அவள் இரண்டு முறையும் எடுத்தாள். இரண்டாவது முறை யாரோ துறையின் படியில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டிருந்தார்கள். விழுந்ததில் அவள் மணிக்கட்டு பிசகியது. மஞ்சள் குடில் நடுவில் நிற்கிறது. பச்சைக் குடில் கிழக்குக் கோபுரத்தின் கீழே ஆழமில்லாத இடத்தில் நிற்கிறது. நல்ல நாளில் நான்கு பொடிமீன் கிடைக்கும். ரெஜானும் அவளும் பேசிக்கொள்வதில்லை.