வெறும் பெட்டி நிரம்பிய நாள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பிழைகளும் இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கவே கூச்சப்படுகிற நான் கந்தோருக்குள், அதுதான் அலுவலகத்துக்குள், கத்தினேன் என்பதை என் மனைவி இன்னும் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முசலியில் எங்கள் சங்கத்தின் சின்னக் கந்தோரில் கூட்டுவதும் தேநீர் போடுவதும் என் வேலை. இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனங்களின் காணிக் கடதாசிகளைப் படம் எடுத்து அங்கே ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில் சேமிப்பார்கள். சேமித்த அதே நிமிடம் மன்னார்த் தீவிலுள்ள பெரிய கந்தோரின் பெட்டியிலும் அது தானாகப் பதிந்துவிடும். "முகமும் கண்ணாடியும் மாதிரி நானா" என்று, அண்ணன் முறை சொல்லி, கந்தோரில் வேலை செய்யும் மிஸ் எனக்கு விளங்கப்படுத்தியிருந்தார். என் வாப்பாவின் காணி பெர்மிட்டும் அதில் இருந்தது.

மாரியில் ஒரு பின்னேரம் மின்னல் அடித்து எங்கள் பெட்டி கருகியது. அதே மழையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகி, அலுமாரிக்குள் இருந்த பெர்மிட் கூழாகிப் போனது. இனி மன்னார்ப் பெட்டியில் இருந்த படம்தான் எனக்கு மிச்சம். அடுத்த கிழமை காணி அளக்க வருகிறார்கள். கடதாசி காட்டாதவரின் துண்டை அளக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை மன்னாரிலிருந்து பெட்டி திருத்துகிற தம்பி ஒருவர் புதுப் பெட்டியோடு வந்தார். வயர்களைக் கொழுவினார். கதிரையில் சாய்ந்தார்.

"நானா, ஒரு பிளேன்ரி தாங்கோ."

பால் போடாத தேநீர்க் கோப்பையை நீட்டியபடி கேட்டேன்: "இதுக்குள்ள என்ன தம்பி இருக்கு?"

"ஒண்டுமில்ல. வெறும் பெட்டி."

முகம் இல்லையென்றால் கண்ணாடியில் மட்டும் எப்படி இருக்கும்? இங்கே வெறுமை என்றால் மன்னாரிலும் எல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது! பெட்டியில் ஒரு மஞ்சள் வெளிச்சம் படபடவென்று சிமிட்டியது.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்திக்கொண்டு பிளக்கைப் பாய்ந்து பிடித்தேன். தேநீர் முழுவதும் நான் உடுத்திருந்த சாரத்தில்.

"நானா, கைய எடுங்கோ!"

"அங்க உள்ளதும் போகப்போகுது தம்பி!"

"போகாது. எது நிறைஞ்சது, எது புதுசு எண்டு ரெண்டு பெட்டிக்கும் தெரியும். நிறைஞ்சதில இருந்துதான் வெறும் பெட்டிக்கு வரும். எனக்கு இனி ஒரு வேலையும் இல்ல, அதான் பிளேன்ரி கேட்டனான். அதையும் ஊத்திப்போட்டியள்."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நானாவுக்கு இவ்வளவு சத்தம் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

வெட்கத்தை நினைக்க நேரமில்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. யாரும் தொடவில்லை, தானாக நகர்ந்தது! ஒரு தடவை இணைப்பு அறுந்து கோடு நின்றது. என் மூச்சும் நின்றது. தம்பி அசையவே இல்லை. சற்று நேரத்தில் விட்ட இடத்திலிருந்தே கோடு மறுபடி புறப்பட்டது. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு ஓடி வந்து பார்த்தால், கோடு மறு கரையைத் தொட்டிருந்தது.

"வாப்பாட பேர சொல்லுங்கோ" என்றார் மிஸ்.

சொன்னேன். திரையில் பெர்மிட் விரிந்தது. மூலையில் கறையான் தின்ற ஓட்டை. அடியில் வாப்பாவின் பெருவிரல் அடையாளம், ரேகை ரேகையாக.

"அல்ஹம்துலில்லாஹ்!" பக்கத்துக் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மிஸ் அச்செடுத்துத் தந்த தாள் சூடாக இருந்தது. அடுத்த கிழமை அதைப் பார்த்துத்தான் அளந்தார்கள். நாலு மூலைக்கும் எல்லைக் கல் போட்டாயிற்று.

எழுதியது: ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை.